விற்ற அருங்காட்சியகமும் வாங்கிய அருங்காட்சியகமும்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர் ரஃபேல் வரைந்த சிறிய பலகை ஓவியம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ ஒரு ஏ4 தாளின் அளவுதான். வெள்ளைக் குதிரையில் பாய்ந்துவரும் புனித ஜார்ஜ், டிராகனை ஈட்டியால் குத்துகிறார். பின்னால் இளவரசி கைகூப்பி மண்டியிட்டிருக்கிறாள். வீரரின் காலில், முழங்காலுக்குக் கீழே, நீலப் பட்டை ஒன்று தெரியும். உற்றுப் பார்த்தால் அதில் 'ஹோனி' என்ற சொல். இங்கிலாந்தின் கார்ட்டர் (காற்பட்டை) வீரப் பட்டத்தின் முழக்கத்தில் முதற்சொல் அது.

இத்தாலியின் உர்பினோவை ஆண்ட டியூக் குயிடோபால்டோவுக்கு 1504இல் ஏழாம் ஹென்றி மன்னர் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். அந்தக் கௌரவத்தையொட்டி 1506 வாக்கில் ரஃபேல் வரைந்த படம் இது. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். படம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பெம்புரோக் பிரபுவிடம் இருந்தது. ஹோல்பைன் வரைந்த முகச் சித்திரத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்து முதலாம் சார்லஸ் மன்னர் அதை மாற்றிக்கொண்டார். 1649இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அவருடைய கடன்களை அடைக்கவும் புதிய ஆட்சியின் செலவுக்கும் அரண்மனைச் சாமான்கள் விற்கப்பட்டன. அதில் இதுவும் போனது. பிரான்ஸில் சில கைகள் மாறிப் பெருஞ்செல்வர் குரோசாவின் குடும்பத்துக்கு வந்தது. 1772இல் அந்தக் குடும்பத்தின் வாரிசுகளிடமிருந்து ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் மொத்தச் சேகரத்தையும் வாங்கினார்; பேரம் பேசிக் கொடுத்தவர்களில் ஒருவர் தத்துவஞானி தெனி திதரோ. நாட்டின் செல்வம் வெளியே போகிறதே என்று பாரிஸில் முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுத்தவர்கள் யாரும் அதற்குமேல் விலை சொல்லவில்லை.

இதுவரை சொன்னதில் வியப்படைய ஒன்றுமில்லை. மன்னர் வீழ்ந்தால் புதிய ஆட்சி விற்கும். செல்வர் இறந்தால் வாரிசுகள் விற்பார்கள். மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள் எதை எடுத்தாலும் அதன் பயணத்துக்கு யாரோ ஒருவருடைய பணமுடைதான் காரணமாக இருக்கும். ஆனால் இந்தச் சிறு ஓவியம் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா வந்த கதை வேறு வகை. அதை விற்றது ஒரு பொது அருங்காட்சியகம்.

லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) உள்ள ஹெர்மிடாஜ், ஜார் மன்னர்களின் தனிச் சேகரமாகத் தொடங்கியது. 1852 முதல் பொதுமக்கள் உள்ளே வர அனுமதி கிடைத்தது. 1917 புரட்சிக்குப் பிறகு அது முழுக்க முழுக்க மக்கள் சொத்து. சட்டப்படி பார்த்தால் உலகின் எந்த அருங்காட்சியகத்தைவிடவும் 'பொது' என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாடக்கூடிய இடம். பத்தே ஆண்டுகளில் அதன் சுவர்களிலிருந்து ஓவியங்கள் இறங்க ஆரம்பித்தன.

காரணம் எளிது. 1928இல் ஸ்டாலின் அரசு முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வேண்டும், வயலுக்கு டிராக்டர் வேண்டும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ரூபிளை வாங்கிக்கொள்ள யாரும் தயாராக இல்லை. தானியமும் மரமும் எண்ணெயும் ஏற்றுமதி செய்தார்கள். 1929க்குப் பிறகு உலகச் சந்தையில் அவற்றின் விலை சரிந்தது. மிச்சமிருந்தது கலைப்பொருள். அதை விற்பதற்கென்றே வணிகத் துறையின் கீழ் 'அந்திக்வாரியாத்' என்ற அமைப்பு இயங்கியது. எதை எடுப்பது என்று பட்டியல் போடுவார்கள். ஹெர்மிடாஜின் காப்பாளர்கள் ஒப்படைக்க வேண்டும்.

முதலில் 1928 நவம்பரில் பெர்லினில் பகிரங்க ஏலம் விட்டுப் பார்த்தார்கள். புரட்சியில் தப்பியோடிய ரஷ்யப் பிரபுக்கள், 'அது எங்கள் வீட்டுச் சாமான்' என்று நீதிமன்றம் போனார்கள். லண்டனில் இளவரசி பாலே தொடுத்த வழக்கில் 1929இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: ஓர் அரசு தன் எல்லைக்குள் இருந்த சொத்தைத் தன் சட்டப்படி தேசியமயமாக்கினால், வேறொரு நாட்டு நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்க முடியாது. இந்தத் தீர்ப்பு சோவியத் அரசுக்குப் பெரிய வசதி. வாங்குபவர்களுக்கு அதைவிடப் பெரிய வசதி. போரில் கொள்ளையடிக்கப்பட்ட ஓவியங்களைத் திருப்பிக் கேட்பதுபோல் ஹெர்மிடாஜ் ஓவியங்களைக் கேட்க முடியாததற்கு அடிப்படை இதுதான். விற்றவர் உரிமையாளர், வாங்கியவர் பணம் கொடுத்தார்.

என்றாலும் ஏலம் சத்தம் போடுகிறது. சோவியத் கஜானா காலி என்று உலகத்துக்கே தண்டோரா போட்டதுபோல் ஆகிறது. எனவே பெரிய ஓவியங்களை இரகசியமாக, தனி ஆட்களுக்கு விற்பது என்று முடிவானது.

முதலில் வந்தவர் எண்ணெய் வணிகர் கலூஸ்ட் குல்பெங்கியன். சோவியத் எண்ணெய்க்கு வெளியே சந்தை பிடிக்க உதவியவர்; அந்தப் பழக்கத்தில் 1928 முதல் 1930 வரை ரெம்பிராண்டின் ஓவியங்கள், பிரெஞ்சுச் சிற்பி ஊடோனின் டயானா சிலை என்று வாங்கிக் குவித்தார். இன்று அவற்றில் பல லிஸ்பனில் அவர் பெயரால் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விசித்திரம் என்னவென்றால், இதே குல்பெங்கியன் சோவியத் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அருங்காட்சியகப் பொருள்களை விற்காதீர்கள், அது உங்கள் கடன் மதிப்பையே கெடுக்கும் என்று எச்சரித்தார். அக்கறையும் இருந்திருக்கலாம். தனக்குக் கிடைக்காத படங்கள் வேறு யாருக்கோ போகின்றன என்ற எரிச்சலும் இருந்திருக்கும். வாங்கிக் கொண்டிருப்பவரே 'விற்காதே' என்று சொல்வதை இரண்டு வகையிலும் படிக்கலாம்.

அந்த வேறு யாரோ, ஆண்ட்ரூ மெலன். பிட்ஸ்பர்க் வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். அலுமினியம், எண்ணெய், எஃகு என்று கைவைத்த இடமெல்லாம் வளர்ந்தவர். 1921 முதல் 1932 வரை மூன்று அதிபர்களின் கீழ் அமெரிக்க நிதியமைச்சர். இந்தப் பதவியில் இருந்தபடியேதான் அவர் ஹெர்மிடாஜ் ஓவியங்களை வாங்கினார். சோவியத் ஒன்றியத்தை அமெரிக்கா அப்போது அங்கீகரிக்கவே இல்லை, தூதரகம் கிடையாது. கட்டாய உழைப்பில் உருவான சோவியத் பண்டங்களை நாட்டுக்குள் விடலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் மெலனின் துறையிடமே இருந்தது. உள்நாட்டில் வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன. ரொட்டிக்கு வரிசை நின்றது. இந்த நேரத்தில் நிதியமைச்சர் கம்யூனிஸ்டுகளிடம் மடோனா (கன்னி மரியாள்) ஓவியம் வாங்குகிறார் என்ற செய்தி வெளியே வந்தால் என்ன ஆகும்! அதனால் எல்லாம் இடைத்தரகர்கள் வழியாக நடந்தது: பெர்லினில் மத்தீசன், லண்டனில் கோல்னாகி, நியூயார்க்கில் நோட்லர் என்று மூன்று வணிக நிறுவனங்கள் கைகோத்தன. 1930 ஏப்ரலிலிருந்து 1931 ஏப்ரலுக்குள் 21 ஓவியங்கள்; ரஃபேலின் புனித ஜார்ஜும் அவற்றில் ஒன்று. மொத்த விலை 66 லட்சம் டாலருக்கு மேல். வந்த படங்கள் பல வாஷிங்டனின் கோர்கோரன் கலைக்கூடத்து அறை ஒன்றில் யார் கண்ணிலும் படாமல் இருந்தன.

அந்த 21இல் மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

ரஃபேலின் 'ஆல்பா மடோனா' 11,66,400 டாலருக்குப் போனது. அதுவரை உலகில் எந்தத் தனி ஓவியத்துக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. சுமார் 1510இல் ரோமில் வரைந்தது. குறுக்களவு 95 சென்டிமீட்டரை ஒட்டிய வட்ட ஓவியம். வட்டத்துக்குள் உருவங்களை அடைப்பது ஓவியருக்குப் பெரிய தலைவலி. சதுரச் சட்டத்தில் கீழ்க்கோடு தரையாகிவிடும். வட்டத்தில் எல்லாம் உருண்டு விழப் பார்க்கும். ரஃபேல் மரியாளை அரியணையில் உட்கார வைக்காமல் புல்தரையில் உட்கார வைத்தார். அவள் ஒரு காலை நீட்டி, மரத்தின் அடிக்கட்டையில் சாய்ந்திருக்கிறாள். கையில் பாதியில் மூடிய புத்தகம், எந்தப் பக்கம் என்பதை விரல் நினைவில் வைத்திருக்கிறது. குழந்தை இயேசு, சிறுவன் யோவானிடமிருந்து மெல்லிய நாணற்குச்சிச் சிலுவையை வாங்குகிறான். மூவர் கண்ணும் அந்தச் சிலுவையில் நிலைகொள்கிறது. அது வட்டத்தின் நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. மூன்று உடல்களின் கனமும் அந்தப் பக்கம் சாய, மரியாளின் நீட்டிய காலும் நீல ஆடையின் விரிவும் வலப்பக்கம் பிடித்து நிறுத்துகின்றன. குழந்தை தன் மரணத்தைக் கையில் வாங்குகிறது, தாய் அதை அறிந்தே தடுக்காமல் இருக்கிறாள் என்ற இறையியலை, சிரமமே இல்லாதது போன்ற இந்தச் சமநிலை தாங்கிக்கொள்கிறது.

இந்த ஓவியம் வந்த வழியும் சாதாரணமானதல்ல. நேப்பிள்ஸ் அருகே நோசெரா ஊர்த் தேவாலயத்தில் இருந்தது. 1686இல் நேப்பிள்ஸை ஆண்ட ஸ்பானிய அரசப்பிரதிநிதி வாங்கிக்கொண்டு போனார். கல்யாண உறவில் ஆல்பா பிரபுக் குடும்பத்துக்குச் சேர்ந்ததால்தான் இந்தப் பெயர். பின்பு மாட்ரிட்டில் டென்மார்க் தூதராக இருந்தவரிடமும், அவரிடமிருந்து லண்டன் வங்கியாளர் கூஸ்வெல்டிடமும் போய், 1836இல் ஜார் முதலாம் நிக்கொலாயிடம் வந்தது. அங்கே நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ரஃபேல் இதை மரப்பலகையில் வரைந்திருந்தார். மரம் சுருங்கி விரியும், பூச்சி அரிக்கும், வண்ணம் உதிரும். 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது: ஓவியத்தின் முகத்தில் தாளும் துணியும் ஒட்டி, கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்து மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சிய வண்ணப் படலத்தைக் கேன்வாஸில் ஒட்டுவது. ஆல்பா மடோனாவுக்கும், மெலன் வாங்கிய இன்னொரு படமான வான் ஐக்கின் 'மங்கள வார்த்தை'க்கும் இதே அறுவை நடந்தது. இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் வேறு வழியே இல்லையென்றால் ஒழிய இதில் இறங்கமாட்டார்கள். ஐந்து நூற்றாண்டுப் பழைய வண்ணம் தன் மரத்தை இழந்து, பிறகு தன் அரண்மனையையும் இழந்து வாஷிங்டனில் இருக்கிறது.

வெனிஸ் ஓவியர் டிஷியனின் 'கண்ணாடி முன் வீனஸ்' எனக்கு இந்தத் தொகுதியிலேயே மிகப் பிடித்தது. சுமார் 1555இல் வரைந்தவர் அதை விற்கவே இல்லை. 1576இல் சாகும்வரை தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பட்டறையில் மாதிரியாக இருந்து பல நகல்களுக்குத் தாயானது. ஐந்து ஆண்டு கழித்து மகன் பொம்போனியோ வெனிஸின் பர்பாரிகோ குடும்பத்துக்கு வீட்டோடு விற்றுவிட்டார். 1850இல் அந்தச் சேகரம் ஜாரிடம் போனது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அடியில் வேறொரு ஓவியம் இருந்தது: ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் உருவப்படம். டிஷியன் கிடையாக இருந்த கேன்வாஸை நெடுக்காகத் திருப்பி, அந்தப் படத்தின் மேலேயே வீனஸை வரைந்திருக்கிறார். ஆனால் அந்த ஆணின் மேலங்கியை முழுதாக மறைக்கவில்லை. அதையே வீனஸின் இடுப்பைச் சுற்றிய சிவப்பு வெல்வெட்டாக மாற்றிக்கொண்டார். கேன்வாஸை வீணாக்காத சிக்கனமும் கண்ணில் பட்ட சிவப்பை விடாத பேராசையும் ஒரே தூரிகையில்.

போத்திச்செல்லியின் 'ஞானியர் வணக்கம்' சிஸ்டைன் தேவாலயச் சுவரில் வேலை செய்ய அவர் 1481–82இல் ரோமில் தங்கியிருந்த காலத்தது. பெருஜீனோவின் 'சிலுவை மரணம்' மூன்று பலகை ஓவியம்; நெடுநாள் அவருடைய மாணவர் ரஃபேலின் கைவேலை என்றே நம்பப்பட்டது. வான் ஐக்கின் ஓவியம் இத்தாலியம் அல்ல, வடக்கு ஐரோப்பாவின் மறுமலர்ச்சி. அதில் தேவதையின் மேலாடையில் பொன்னிழையும் முத்தும் ஒவ்வொன்றாக ஒளியை வாங்கும் விதத்தைப் பார்த்தால், எண்ணெய் வண்ணம் அந்தக் காலத்தில் என்ன மாதிரிப் புதுமையாக இருந்திருக்கும் என்று புரியும்.

ஹெர்மிடாஜில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. காப்பாளர்கள் பட்டியல்களோடு மல்லுக்கட்டினார்கள், இழுத்தடித்தார்கள். 1932இல் கீழைத்தேயப் பிரிவின் பொருள்களுக்கும் கேட்பு வந்தபோது, அப்பிரிவின் தலைவர் யோசிஃப் ஒர்பேலி நேரே ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அந்தக் காலத்தில் அது உயிரைப் பணயம் வைப்பது. ஸ்டாலின் அவர் பக்கம் பதில் எழுதினார். அதன்பின் விற்பனை தேய்ந்து 1934 வாக்கில் நின்றது, ஒர்பேலி இயக்குநரானார். லியொனார்டோ டா வின்சியின் இரண்டு மடோனாக்களும் வெனிஸ் ஓவியர் ஜார்ஜோனேயின் 'யூதித்' ஓவியமும் இன்றும் ஹெர்மிடாஜில் இருக்கின்றன. விற்று வந்த பணம் ஒரு நாட்டைத் தொழில்மயமாக்கும் செலவின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. 1932–33 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள்; அவர்களுக்கும் அதனால் ஒரு பிடி தானியம் கூடக் கிடைக்கவில்லை.

அமெரிக்கப் பக்கம் கதை நீதிமன்றத்துக்குப் போனது. ரூஸ்வெல்ட் அதிபரானதும், 1931ஆம் ஆண்டுக் கணக்கில் மெலன் வரி ஏய்த்தார் என்று அரசு குற்றஞ்சாட்டியது. குற்றவியல் வழக்குத் தொடுக்கப் பிட்ஸ்பர்க் ஜூரி மறுத்துவிட்டது. பிறகு வரி மேல்முறையீட்டு வாரியத்தில் 1935இல் விசாரணை. பங்கு விற்பனைகள்தான் மையம் என்றாலும் ஊர் பேசியது ஓவியங்களைத்தான். மெலன் 1930இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஹெர்மிடாஜ் ஓவியங்கள் ஐந்தை அதன் பெயருக்கு எழுதிவைத்து, அந்த நன்கொடைக்கு வரிக்கழிவு கேட்டிருந்தார். பூட்டிய அறையில் யாரும் பார்க்காமல் இருக்கும் படம் எப்படிப் பொதுநன்கொடையாகும் என்று கேட்டார் அரசு வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன். பின்னாளில் நூரம்பெர்க் விசாரணையில் நாஜிகளை எதிர்த்து வாதாடியவர் இவரே. தேசியக் கலைக்கூடம் கட்டும் எண்ணம் முன்பே இருந்தது என்று மெலன் தரப்பு சாட்சிகளை நிறுத்தியது. ஓவிய வணிகர் ஜோசப் டூவீன் கூண்டேறி ஆமாம் என்றார். அவருக்கு மெலனிடம் இன்னும் நிறைய விற்க வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

1936 டிசம்பர் 22 அன்று, வழக்கு முடியும் முன்பே, மெலன் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார்: என் சேகரம், கட்டடம் கட்டப் பணம், பராமரிக்க நிதி எல்லாம் தருகிறேன், நாட்டுக்கு ஒரு கலைக்கூடம் வையுங்கள். தன்மேல் வழக்குப் போட்ட அரசுக்கே! ரூஸ்வெல்ட் ஏற்றுக்கொண்டார், 1937 மார்ச்சில் காங்கிரஸ் ஒப்புதல் தந்தது. மெலனின் ஒரு நிபந்தனை புத்திசாலித்தனமானது: கட்டடத்துக்குத் தன் பெயர் கூடாது. தன் பெயர் இருந்தால் மற்ற செல்வர்கள் தங்கள் படங்களைத் தரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். 1937 ஆகஸ்ட் 26 அன்று அவர் இறந்தார். மறுநாளே கட்டடக் கலைஞர் ஜான் ரஸ்ஸல் போப்பும் இறந்தார். அந்த டிசம்பரில் வாரியம் மோசடிக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. கட்டடம் எழுந்த இடத்தில் முன்பு ஒரு ரயில் நிலையம் இருந்தது. 1881இல் அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டது அந்த நிலையத்தில்தான். 1941 மார்ச் 17 அன்று ரூஸ்வெல்ட் கலைக்கூடத்தைத் திறந்துவைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது.

பெயர் பற்றிய கணக்கு பலித்தது. ஐந்து, பத்து சென்ட் சாமான் கடைகளை நாடெங்கும் நடத்திய சாமுவேல் கிரெஸ், தன் இத்தாலிய ஓவியங்களுக்கு நியூயார்க்கில் தனி அருங்காட்சியகம் கட்டும் யோசனையில் இருந்தார். 1939இல் மனம் மாறி 375 ஓவியங்களை வாஷிங்டனுக்குக் கொடுத்தார். முந்தைய கிறிஸ்துமஸின்போது ஜார்ஜோனேயின் 'இடையர் வணக்க'த்தை நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் உள்ள தன் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்துக் காட்டியவர் அவர். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தப் படத்துக்கும் ஒரு சண்டை உண்டு: டூவீன் அதை ஜார்ஜோனே என்று விற்க நினைத்தார், அவருக்கு நீண்டகாலம் சான்று எழுதிக்கொடுத்த வல்லுநர் பெர்னார்டு பெரன்சன், இல்லை இது இளவயது டிஷியன் என்றார். ஜார்ஜோனே என்றால் விலை பல மடங்கு. அத்தோடு இருவர் உறவும் முறிந்தது. இன்று கலைக்கூடம் ஜார்ஜோனே என்றே எழுதிவைத்திருக்கிறது. பிலடெல்பியாவின் வைடனர் குடும்பச் சேகரம் 1942இல் வந்தது; அதில் பெல்லினி 1514இல் வரைந்து டிஷியன் பின்பு மலைக்காட்சியை மாற்றி எழுதிய 'தேவர்களின் விருந்து' ஒன்றே போதும்.

லியொனார்டோவுக்கு மட்டும் 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த தம் நிலங்களை இழந்த லீக்டென்ஸ்டைன் அரச குடும்பம், ஓவியங்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தது. மறுபடியும் பணமுடை. மெலனின் மகள் எய்ல்சாவின் நிதியிலிருந்து 50 லட்சம் டாலர் கொடுத்து 'ஜினெவ்ரா தெ பென்சி' என்ற இளம்பெண்ணின் உருவப்படத்தை வாங்கினார்கள். சாதாரண சூட்கேஸ் போன்ற பெட்டியில் வைத்து விமானத்தில் தனி இருக்கை போட்டுக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய லியொனார்டோ ஓவியம் அது ஒன்றுதான். யாரோ எப்போதோ பலகையின் அடிப்பகுதியை அறுத்துவிட்டதால் கைகள் இல்லை. பின்பக்கமும் ஓவியம் உண்டு என்பதால் சுவரில் மாட்டாமல் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்; சுற்றிவந்து பார்க்கலாம்.

தேசியக் கலைக்கூடம் தன் ஓவியங்களை விற்பதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் அவ்வப்போது விற்கும் என்பதால் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தக் கலைக்கூடமே ஒருமுறை வேறு வகைச் சோதனையில் மாட்டிக்கொண்டது. 1945இல் ஜெர்மனியின் மெர்கர்ஸ் உப்புச் சுரங்கத்தில் பெர்லின் அருங்காட்சியகங்களின் ஓவியங்கள் அமெரிக்கப் படை கையில் சிக்கின. போத்திச்செல்லி, டிஷியன், ரெம்பிராண்ட் உட்பட 202 ஓவியங்களைப் 'பாதுகாப்புக்காக' வாஷிங்டனுக்கு அனுப்பும் உத்தரவு வந்தது. கலைப்பொருள்களைக் காக்க அனுப்பப்பட்ட அமெரிக்க அதிகாரிகளே இதை எதிர்த்தார்கள். கேப்டன் வால்டர் ஃபார்மர் தலைமையில் வீஸ்பாடனில் கூடி, இது நாஜிகள் செய்ததிலிருந்து எப்படி வேறுபடும் என்ற பொருளில் அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டார்கள். ஓவியங்கள் கப்பலேறிவிட்டன. 1948இல் கலைக்கூடத்தில் 40 நாள் காட்சிக்கு வைத்தபோது 9 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குமேல் பார்த்தார்கள். பிறகு ஓவியங்கள் ஜெர்மனிக்குத் திரும்பின. அந்த அறிக்கை இல்லாமலும் திரும்பியிருக்கலாம். எனக்கென்னவோ அவ்வளவு நிச்சயமில்லை.

பணமுடையில் ஒரு பொது அருங்காட்சியகம் என்ன ஆகும் என்ற கேள்வி சோவியத் காலத்தோடு முடிந்துவிடவில்லை. மெலன் ஹெர்மிடாஜை வாங்கிக்கொண்டிருந்த அதே 1930இல், டெட்ராய்ட் கலைக் கழகத்தின் இயக்குநர் வில்லியம் வாலன்டைனர் நகராட்சிப் பணத்தில் மூத்த பீட்டர் புரூகலின் 'கல்யாண நடனம்' ஓவியத்தை வாங்கினார். 1566 வாக்கில் வரைந்தது. ஊர் மக்கள் நூற்றுக்குமேல் பேர் குடித்தும் கட்டிப்பிடித்தும் ஆடும் கூட்டம். 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரம் திவால் அறிவித்தது; கடன் சுமார் 1,800 கோடி டாலர். கடன்காரர்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். நகரின் பெயரில் உள்ள, உடனே காசாகக்கூடிய சொத்து சுவரில் தொங்கியது. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் வந்து நகரப் பணத்தில் வாங்கிய படைப்புகளுக்கு மதிப்புப் போட்டது: 45 கோடியிலிருந்து 87 கோடி டாலர் வரை. அதில் மிக உயர்ந்த மதிப்பு புரூகலுக்கு.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பேராசைக்காரர்கள் மட்டுமல்ல. பேருந்து ஓட்டிய, குப்பை அள்ளிய, தீயணைத்த ஓய்வூதியர்கள் இருந்தார்கள். எங்கள் மாதப் பணத்தைக் குறைத்துவிட்டு ஓர் ஓவியத்தை வைத்துக்கொள்வீர்களா என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லக் கலை ஆர்வலர்களிடம் நல்ல வாதம் கிடையாது. ஒப்பந்தம் ஒன்று உருவானது: தனியார் அறக்கட்டளைகள், மிச்சிகன் மாநிலம், அருங்காட்சியகத்தின் ஆதரவாளர்கள் சேர்ந்து 80 கோடி டாலருக்குமேல் திரட்டினார்கள். அந்தப் பணம் ஓய்வூதிய நிதிக்குப் போனது. பதிலுக்கு ஓவியங்களின் உரிமை நகராட்சியிடமிருந்து விலகி, லாபநோக்கற்ற தனி அமைப்புக்கு மாறியது. இனி நகரம் கடன்பட்டாலும் ஓவியம் பிணையாகாது. மக்கள் சொத்தைக் காப்பாற்ற அதை மக்களின் அரசிடமிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது. ஹெர்மிடாஜில் அப்படி ஓர் அமைப்பு இருந்திருந்தால் ஆல்பா மடோனா நேவா ஆற்றங்கரையிலேயே இருந்திருக்கும்.

சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களின் மக்கள் திவாலுக்கு ஓராண்டு முன்பே, 2012இல், அருங்காட்சியகத்துக்காகத் தங்கள் சொத்துவரியை உயர்த்திக்கொள்ள வாக்களித்திருந்தார்கள். 2020இல் மறுபடியும் வாக்களித்தார்கள். அந்த மாவட்டங்களில் வசிப்பவர்கள் புரூகலைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.